ஹாலுக்கு அளவெடுத்த கணினி

நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். சின்னப் பெட்டிக்கும் பெரிய பெட்டிக்கும் உள்ளே இருக்கும் சாமான் ஒன்றுதான், தகரம்தான் வேறு என்றீர்கள். சொல்லும்போதே அது பொய் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நீங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தில் நம் ஆட்கள் கணினி வாங்கப் போனால் யாராவது ஒருவர் உங்களிடம்தான் அனுப்பிவைப்பார். ஸ்கூடாயில் கடைவீட்டு மாடியில் உங்கள் கடை. அதைவிடப் பெரியது கைப்பேசியில் நீங்கள் நடத்தும் குழு. யார் என்ன கேட்டாலும் நீங்கள் பதில் போடுவீர்கள், உடனே கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழும். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுதுவார்கள். நானும் ஒருமுறை அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது அதைத் தேடி அழித்துவிட்டேன்.

நான் சமையலறை வரைகிறவள். சிங்கப்பூரில் வீடு புதுப்பித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. மேல் அலமாரி, கீழ் அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, வீட்டுக்காரர் பார்த்தால் புகைப்படம் என்று நம்பும்படி படமாக்கித் தர வேண்டும். அந்தப் படமாக்கும் வேலைக்கு ரெண்டர் என்று பெயர். ஜன்னல் வெளிச்சம் பளிங்கில் எப்படி விழும், குழாய் எங்கே மின்னும் என்று கணினி தன் முழு பலத்தையும் போட்டு மணிக்கணக்கில் கணக்குப் போடும். நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் வேலை போச்சு.

வீடு ஜொகூர்ப் பக்கம், பெக்கான் நானாஸில். வேன் விடிவதற்கு முன்பே வந்துவிடும். கடலைத் தாண்டும் இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூர்ப் பக்கத்துத் துவாஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வேனில் பெண்கள் எல்லோரும் வாயைத் திறந்து தூங்குவோம். குடிநுழைவுச் சாவடியில் இறங்கி முகத்தைக் காட்டிவிட்டு மறுபடியும் ஏறித் தூங்குவோம். என் மகள் பள்ளிக்குப் புறப்படுவதை வேலை நாளில் நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு அன்று என்ன நடந்தது என்பதைச் சீருடையைத் துவைக்கும்போது கறையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். நீலம் என்றால் மை, செம்மண் என்றால் எங்கேயோ விழுந்திருக்கிறாள். கேட்டால் மறந்துபோயிருப்பாள்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் முதலாளி கூப்பிட்டார். ஒரு முழு அடுக்குமாடி வீட்டின் படங்களை, உள்ளே நடந்து போவது போன்ற காணொளியோடு, வீட்டிலிருந்தே செய்து தர முடியுமா என்று கேட்டார். சொன்ன தேதிக்குச் சுத்தமாக வந்தால் அதன்பிறகு நான் அலுவலகத்துக்கு எப்போதாவது வந்தால் போதும். கணினி மட்டும் என் பொறுப்பு. வேனில் திரும்பி வரும்போது அன்றுதான் நான் தூங்கவில்லை. வழியெல்லாம் அன்னாசிக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இனி இந்த வேனில் ஏற வேண்டியதில்லை என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அதற்குத்தான் உங்கள் கடைக்கு வந்தேன், என் கணவரோடு. அவர் தகர டப்பாவில் அன்னாசி அடைக்கும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். கணினியைப் பற்றி அவருக்கும் எனக்கும் இடையில் யாருக்கு அதிகம் தெரியும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் நீங்கள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"அண்ணே, எங்க வைக்கப் போறீங்க?"

"ஹால்லதான் தம்பி. டிவி கேபினட்டு புதுசா அடிச்சிருக்கேன், கண்ணாடிக் கதவோட."

"அப்ப பேச்சே வேணாம், சின்னதுதான். பெருச வச்சா ஐஸ் பெட்டி ஹாலுக்கு நடந்து வந்துட்ட மாதிரி இருக்கும்."

இருவரும் சிரித்தீர்கள். மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று முழங்கால் உயரத்துக்கும் மேலே, முன்பக்கம் வலை போட்டது. மற்றொன்று பிஸ்கட் டின் இரண்டை அடுக்கிவைத்த அளவு. உண்மையைச் சொன்னால் சின்னது அழகாகத்தான் இருந்தது. அதைத் தூக்கி என் கணவர் கையில் கொடுத்தீர்கள். அவர் குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

"நான் நாள் பூரா ரெண்டர் ஓட விடணும்" என்றேன்.

"ஓடும் கா."

"கேபினட்டுக்குள்ள வச்சா சூடு எங்க போகும்?"

"பின்னாடி ஒரு ஓட்ட போட்டுருங்க. வயருக்கும் ஆச்சு, காத்துக்கும் ஆச்சு."

"பெருசு அளவுக்கு இது தாங்குமா?"

"ஐயோ கா, ரெண்டுக்கும் உள்ள இருக்கிற சாமான் ஒண்ணுதான். தகரம்தான் வேற. நீங்க என்ன, கேமா விளையாடப் போறீங்க?"

மறுபடியும் சிரிப்பு. என் கணவர், "நீ சும்மா இரு லா, தம்பி தெரிஞ்சவரு" என்றார். நான் சும்மா இருந்தேன் என்று நீங்கள் நினைத்தால் தவறு. மூன்றாவது முறையும் சொன்னேன், இது என் வேலைக்கு என்று. நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே என் கணவரிடம் கேபினட்டின் அகலம் எவ்வளவு என்று கேட்டீர்கள்.

உள்ளே இருக்கும் சாமான் ஒன்று அல்ல என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சின்னப் பெட்டிக்குச் சின்ன போர்டு. அதில் மெமரி செருக இரண்டே இடம். பிறகு கூட்ட வேண்டுமென்றால் இருப்பதைக் கழற்றிப் போட வேண்டும். மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை சின்னது. விசிறி சின்னது, அதனால் பெரிய விசிறி மெதுவாகச் செய்வதை இது கத்திக் கத்திச் செய்யும். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சூடு எழுந்து போக இடமில்லாமல் கிடக்கும். இவ்வளவுக்கும் விலை பெரியதைவிட அதிகம். அறையில் குளிர்சாதனம் இருந்து, லேசான வேலை செய்கிறவர்களுக்கு அது நன்றாகவே ஓடலாம். சின்னப் பெட்டி வாங்கியவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னபிறகும் அதை என்னிடம் கொடுத்தீர்களே, அதைச் சொல்கிறேன்.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஹாலில் குளிர்சாதனம் இல்லை. மத்தியானம் தகரக்கூரை சூடேறி அந்தச் சூடு கீழே இறங்கும்போது கேபினட்டுக்குள்ளிருந்து மாவரைக்கும் சத்தம் வரும். காலையில் கிடுகிடுவென்று வந்த படம் மதியத்துக்கு மேல் நகராது. சூடு தாங்காமல் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உங்கள் குழுவில் கேட்டேன். "கதவ தொறந்து வைங்க கா" என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டீர்கள். அதற்குக் கீழே ஒருவர், "அக்கா, மேல மாவு ஊத்துங்க, தோச வந்துரும்" என்றார். இன்னொருவர், "சட்னிக்கு நான் வரேன்" என்றார். நல்ல நகைச்சுவை. என் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து, முன்னால் மேசை விசிறியைப் போட்டு ஓட்டினேன். பக்கத் தகரத்தைக் கழற்றிவிடலாம் என்றால் எங்கள் வீட்டில் பல்லிகள் அதிகம். ஒரு பல்லி உள்ளே போய் வால் பட்டால் போதும். விசிறியோடு எப்படியோ ஓடியது. கணவர் நடக்கும்போதெல்லாம் விசிறி வயரில் கால் தட்டி ஏதாவது முனகுவார். ஹால் ஹாலாக இல்லையாம்.

இந்த ஹாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஹால் நமக்காக இல்லை. நாம் சமையலறையில் சாப்பிடுகிறோம், சமையலறையில் சண்டை போடுகிறோம், பிள்ளைகள் சமையலறை மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். ஹால் யாராவது வருவதற்காக வைத்திருக்கும் இடம். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கூட முழுதாகப் பிரிக்க மாட்டோம். வருஷத்தில் ஒருநாள் வந்து முறுக்கு தின்றுவிட்டுப் போகிறவர்களின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான் கணக்கு. அந்த ஒருநாள் விருந்தாளிக்காகத்தான் என் வேலைக்கான இயந்திரத்தை நீங்களும் என் கணவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தீர்கள். நான் வரையும் எந்தச் சமையலறையிலும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் காற்றுப் போக இடம் விடாமல் விட்டதில்லை. என் இயந்திரத்துக்கு அந்த இடத்தை நான் கேட்டேன். நீங்கள் கொடுக்கவில்லை.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் திறந்த இல்லம். கணவரின் தொழிற்சாலை ஆட்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லோரும் வருவார்கள். மறுநாள் திங்கட்கிழமை நான் வேலையை ஒப்படைக்க வேண்டும். படங்கள் முடிந்துவிட்டன. காணொளி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். நான் சமையலறைக்குள் போகும்போது கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்: "அது ஓடிக்கிட்டு இருக்கு, கை வைக்காதீங்க."

"நான் எதுக்கு அத தொடப் போறேன்?" என்றார்.

அவர் கணினியைத் தொடவில்லை. விசிறியைத் தூக்கி அறைக்குள் வைத்தார். கண்ணாடிக் கதவைச் சாத்தினார். வயர் தெரிகிறது என்று கண்ணாடிக்கு உள்பக்கமாகத் தீபாவளிக்கு வாங்கிய ஜரிகைத் துணியை மடித்துத் தொங்கவிட்டார். கேபினட்டுக்கு மேலே முறுக்கு டின், அச்சு முறுக்கு டின், நெய் உருண்டை டின், நடுவில் கண்ணாடிக் கிண்ணத்தில் வண்ணக் காகிதம் சுற்றிய சாக்லேட். பார்க்க அழகாக இருந்திருக்கும். நான் ஆட்டுக்கறிக் குழம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

வீடு நிறைந்துவிட்டது. குழம்பை எடுத்துக்கொண்டு நான் ஹாலுக்கு வந்தபோது கணவரோடு வேலை செய்யும் ஒரு மலாய்க்கார அம்மா கிண்ணத்திலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார். சாக்லேட் அப்படியே வழிந்து அவர் விரல் நடுவில் இறங்கி, மணிக்கட்டு வரை வந்துவிட்டது.

"அலமாக்!" என்றார். பிறகு கேபினட் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். "பானாஸ்னியா, என்ன சூடு! கா, உள்ள என்ன வச்சிருக்கீங்க, அடுப்பா?" தோட்டத்துப் பக்கம் நம் ஆட்களோடு வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நான் குழம்புச் சட்டியைச் சோபா மேலேயே வைத்துவிட்டு, புது பிளாஸ்டிக் உறை உருகினால் உருகட்டும் என்று, போய்க் கதவைத் திறந்தேன். அடுப்பு வாயைத் திறந்தது போல சூடு முகத்தில் அடித்தது. பெயிண்டு வாசமும் கருகிய வாசமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளாக மாவரைத்த சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"யாரு சாத்தினது?"

"ஆளுங்க வராங்கல்ல. வயரெல்லாம் தொங்குது, அசிங்கமா இருக்கு." குரலைத் தாழ்த்தி, "அப்புறம் பேசலாம் லா, பார்க்கிறாங்க" என்றார்.

பார்க்கிறார்களாம்.

அழுத்தினேன். வரவில்லை. வயரைப் பிடுங்கி ஆறவைத்து அழுத்தினேன். வரவில்லை. உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. பண்டிகைதானே, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலை பொந்தியானில் ஒரு சீனர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பெரிய பவர் சப்ளை ஒன்றை வெளியிலிருந்தே மாட்டிப் பார்த்தார். பெட்டியிலிருந்து குடல் சரிந்த மாதிரி வயர்கள் மேசை முழுவதும் கிடந்தன. விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டு போய்விட்டது, இந்த அளவு போர்டு என்னிடம் இல்லை, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும் என்றார். சாதாரண அளவு போர்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கி இருந்தது. அது இந்தப் பெட்டிக்குள் நுழையாது. அதைப் போட வேண்டுமென்றால் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். என்னால் முடியாது. இதை வாங்கியதோடு கையிலிருந்த பணம் தீர்ந்தது.

முதலாளிக்கு எழுதினேன். இன்னும் கொஞ்ச நாள் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வீட்டிலிருந்து செய்வது உங்களுக்கு ஒத்துவரவில்லை போல, நாளை முதல் அலுவலகத்துக்கே வந்துவிடுங்கள் என்று எழுதினார். கோபப்பட்டிருந்தால் பதில் பேசியிருப்பேன். கடையில் நின்றுகொண்டே வேன்காரருக்கு அழைத்து என் இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "எங்க கா போயிரப் போறீங்க, ஒங்க சீட்டு அப்படியே இருக்கு" என்றார் அவர், பாசமாக.

அந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். பண்டிகை முடிந்து கடை இன்னும் திறக்கவில்லை. வீட்டுக்கே கொண்டு வாங்க கா என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் வீடு இருக்கும் பண்டார் தெங்காரா வரை செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மடியில் வைக்க வசதியான அளவு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி தேநீர் கொடுத்தார். உங்கள் வேலை அறையில் உட்காரச் சொன்னீர்கள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். உங்கள் மேசைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டாமல், நான்கு பக்கமும் காற்றுக்கு இடம் விட்டு, மரக்கட்டை மேல் தூக்கி வைத்து, முழங்கால் உயரத்துக்கு மேலே ஒரு பெரிய பெட்டி. முன்பக்கம் வலை. ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"அது என் வேலைக்கு கா. கல்யாண வீடியோவெல்லாம் எடிட் பண்ணித் தரேன். லோடு ஜாஸ்தி."

"அப்ப எனக்கு?"

"உங்களுது வீட்டு யூஸ்தானே கா."

"வேலைக்குன்னு மூணு தடவ சொன்னேன்."

"வீட்ல இருந்து செய்றதுதானே. அதான்…" என்று இழுத்தீர்கள்.

உங்கள் மனைவி கதவோரம் நின்றிருந்தார். "எனக்கும் சின்னதுதான் கா பூட்டிக் கொடுத்திருக்காரு. கடைக் கணக்கு பூரா நான்தான் போடுறேன். வெயில் ஏறினா தொங்கிரும். கேட்டா, ஒனக்கு அது போதும்னு சொல்வாரு."

"நீ உள்ள போ லா" என்றீர்கள். அவர் போகவில்லை. என்னுடைய காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

போர்டை வரவழைத்து மாற்றித் தருகிறேன் என்றீர்கள். கூடவே நல்ல விசிறி ஒன்று இலவசம் என்றீர்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது இப்போது கேபினட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது, கதவு சாத்தி. என் கணவர் அதன் மேல் கடிகாரம் வைத்திருக்கிறார். அவரோடு எனக்கு இருக்கும் கணக்கை நான் வீட்டில் பார்த்துக்கொள்வேன்.

சின்னதும் பெரியதும் உண்மையில் ஒன்றுதானா என்று குழுவில் ஒரு கேள்வி போட்டேன். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக "குழுவில் அமைதி காக்கவும்" என்று உங்கள் செய்தி. கீழே கட்டைவிரல் வரிசை. தோசைக்காரர் எனக்குத் தனியாக எழுதினார், "விடுங்க கா, அவரு நல்ல மனுஷன்" என்று. நல்ல மனிதர் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்?

விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் நீங்கள் புதிதாக ஒரு படம் போட்டீர்கள். யாரோ ஒரு ஆசிரியை, பக்கத்தில் அவர் கணவர், கணவர் கையில் அந்தச் சின்னப் பெட்டி. "டீச்சரோட ஹாலுக்கு ஏத்த மாதிரி" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசிரியை அதில் என்ன வேலை செய்யப் போகிறார் என்று எங்கேயும் இல்லை. அவரிடம் கேட்டீர்களா என்றும் தெரியவில்லை. அதை நான் வேனில் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

எனக்குத் தனியாக அழைக்காதீர்கள். விசிறி வேண்டாம். என் கணவரிடம் பேசாதீர்கள். எந்தக் குழுவில் என் கேள்வியை அழித்தீர்களோ அதே குழுவில், அந்த ஆசிரியையும் உங்கள் மனைவியும் படிக்கும்படி எழுதுங்கள். உள்ளே இருக்கும் சாமான் ஒன்றுதான் என்றால் உங்கள் மேசைப் பக்கத்தில் ஏன் பெரியது நிற்கிறது? என் வேலை என்ன என்று நான் மூன்று முறை சொன்னபோது ஏன் என் கேபினட்டின் அகலத்தைக் கேட்டீர்கள்? பதில் சொல்லுங்கள். எல்லோரும் பார்க்கும்படி சொல்லுங்கள்.